அத்தை பாடிய இசைத்தட்டு

மாலை ஐந்து நாற்பது. அத்தை வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஐந்து நாற்பத்து நான்கு காட்டியது. ஸ்ரீரங்கத்தில் அந்த மாடி வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார், சுவர்க் கடிகாரத்தைத் திருத்தினார். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் செய்கிற காரியம் அதுதான். பொன்மலை ரயில்வே பணிமனையில் அவர் டர்னர். இரும்பை லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவருகிற வேலை. ஒரு மயிரிழை தப்பினாலும் அவருக்குத் தூக்கம் வராது என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள். அந்தப் பேச்சில் பெருமை எவ்வளவு, அலுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்பா ஸ்டூலில் நின்றிருந்தபோது என் கண்ணில் முதலில் பட்டது கொலு அல்ல. கொலுப் படிகளை ஒட்டி ஒரு நீளமான மரப்பெட்டி இருந்தது. முகப்பில் வெள்ளி நிறக் குமிழ்கள். மேலே புகை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன் ஒரு மூலையில் விரிசல். இரண்டு பக்கமும் துணி போர்த்திய ஸ்பீக்கர்கள். இவற்றுக்கு இடம் விட்டுச் செட்டியார் பொம்மையும் அவர் மனைவியும் தங்கள் மளிகைக் கடையோடு தரைக்கு இறங்கியிருந்தார்கள்.

அது நவராத்திரி. எனக்கு வயது பத்து.

பெட்டியைக் கொண்டுவந்தவர் அத்தை மகன். அமெரிக்காவில் வேலையில் இருந்தார். அங்கே யாரோ வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றார்களாம். ரேடியோ, கேசட், இசைத்தட்டு மூன்றும் ஒன்றிலேயே பாடுகிற இந்த மியூசிக் சென்டரைப் பார்த்ததும் அவருக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருகிற பெட்டியில் அவர் இதை வைத்து, சட்டைகளைச் சுற்றி அடைத்துக் கொண்டுவந்தார். சட்டைகளில் மரவாடை அடித்தது.

அத்தை ஒரு இசைத்தட்டு பாடியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால், லால்குடியில் இருந்தபோது, ஊர் மாதர் சங்கத்துப் பெண்களை மெட்ராசுக்கு அழைத்துப்போய் இரண்டு பக்திப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. நடுவில் ஒட்டிய காகிதத்தில் பாடியவர்கள் பெயர் கிடையாது, 'குழுவினர்' என்று மட்டும் இருக்கும். அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா வழக்கப்படி ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார். என் தாத்தா உள்ளே போய் இந்தத் தட்டை எடுத்துவந்து அவர் மடியில் வைத்திருக்கிறார். "பாட்டா? என் பொண்ணு ரெக்கார்டே குடுத்திருக்காம்மா." வந்தவர்கள் தட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ரெக்கார்டு கொடுத்த பெண்ணை, சாதாரணப் பெண்ணைப் போலப் பாடச் சொல்வது மரியாதையில்லை என்று பட்டிருக்க வேண்டும். யாரும் பாடச் சொல்லவில்லை. சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்தக் கதையை எனக்கு நூறு தடவையாவது சொன்னவர் மாமா, அத்தையின் கணவர். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தார். லாரி டிரைவர்களுக்கும் இந்தக் கதை தெரியும். "என் சம்சாரம் ரெக்கார்டு பாடினவ" என்பதை அவர் தன் பெயருக்குப் பின்னால் வருகிற பட்டம்போலச் சொல்வார். தட்டு கண்ணாடி அலமாரியில், வெள்ளிக் குத்துவிளக்குக்கும் அத்தான் வாங்கிய கோப்பைக்கும் நடுவில் நிற்கும். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டப்படும். ஆனால் அதை யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் அதைப் போடுகிற மிஷின் இல்லை. ஒரு காலத்தில் மாமா, கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போட வந்தவரிடம் கொடுத்து ஒலிபரப்பலாம் என்றிருக்கிறார். மைக் செட்டுக்காரன் ஊசி பட்டால் கீறல் விழும் என்று அத்தை கொடுக்கவில்லை. கொலுவில் யாராவது பாடச் சொன்னால் அத்தைக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

அந்த மாலை கூடம் நிறையப் பெண்கள். எதிர்வீட்டு மாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான்கு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர், வாயும் அதற்குத் தகுந்தபடி.

"எடுடி சீக்கிரம். முப்பது வருஷமா அலமாரியில தரிசனம் மட்டும்தான் ஆயிண்டிருக்கு. இன்னிக்காவது காதுல விழட்டும்."

அத்தை தட்டை எடுத்து, முந்தானையால் துடைத்தாள். திருப்பி மறுபக்கத்தையும் துடைத்தாள். மறுபடி முதல் பக்கத்தைத் துடைத்தாள். அத்தான்தான் சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கிப் போட்டார்.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆணின் குரல் வந்தது. அரைத் தூக்கத்தில் பாடுகிற ஆண். ஒவ்வொரு வரியையும் இழுத்து முடித்தார். முடித்ததும் இன்னொரு ஆண், அவரும் தூக்கத்தில் இருந்தவர், அதையே திருப்பிப் பாடினார். வயலின் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது.

கூடம் ஒரு நிமிடம் பொறுத்தது. பிறகு மாமி, "ஏண்டி, ரெக்கார்டு குடுத்தது நீயா, உங்கப்பாவா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது அத்தை. கடைசியாக நிறுத்தியதும் அத்தை. கண்ணில் தண்ணீர் வர, கொலுப் படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சிரிக்காதவர் மாமா ஒருவர்தான். "மிஷின் கோளாறு" என்றார். "பாட்டுல கோளாறு இல்ல. மிஷின் கோளாறு." வாசல் வரை போய்ப் போய் ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லி வழியனுப்பினார்.

அத்தான் லீவு முடிந்து போய்விட்டார். மாமா விடவில்லை. தெப்பக்குளம் பக்கமிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவர் மூடியைத் திறந்து தூசி தட்டி, எண்ணெய் விட்டு, ஊசியை மாற்றினார். அதற்குப் பிறகு அந்த இரண்டு ஆண்களும் முன்னைவிடத் தெளிவாகப் பாடினார்கள். பழைய மிஷின் அப்படித்தான் ஓடும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மாமா பொன்மலைக்கு போன் செய்தார்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்க்ரூ டிரைவர்களைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடப் போனது நான். அம்மா வரவில்லை. "உங்க அக்கா பாடி நான் ஒரு தாலாட்டுகூடக் கேட்டதில்ல. சரியானா சொல்லுங்க, வந்து கேக்குறேன்" என்றாள். நாத்தனார் விஷயத்தில் அம்மா எப்போதும் சாட்சி கேட்பாள்.

அப்பா ரிப்பேரை ஆரம்பித்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. எதையும் கழற்றவில்லை. தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டினார். அது ஒவ்வொரு தடவை என்னைக் கடக்கும்போதும் எண்ணச் சொன்னார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்ற வேண்டிய தட்டு. என் கணக்கில் முப்பத்தேழரைதான் வந்தது. மறுபடி எண்ணினேன். அதேதான். அப்பாவின் முகம் மலர்ந்தது. தேய்ந்த மிஷின் தடவைக்கு ஒரு மாதிரி ஓடும். இது ஒரே அளவில் தப்பாக ஓடியது. ஒரே அளவில் தப்புவதற்கு ஒரே ஒரு காரணம் இருக்கும் என்றார்.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படித்தார். காரணம் அங்கேயே அச்சாகியிருந்தது. அமெரிக்க மின்சாரம் அழுத்தம் குறைவு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்காக ஒரு கனமான டிரான்ஸ்பார்மர் வாங்கி நடுவில் மாட்டியிருந்தார்கள். ஆனால் அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது தடவை துடிக்கிறது, இங்கே ஐம்பது. இந்த மோட்டார் அந்தத் துடிப்புக்கு ஏற்ப ஓடுகிற வகை. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தது அதனால்தான். மோட்டார் தண்டின் மேல் ஒரு ரப்பர் சக்கரம் உரசி ஓடி, அதுதான் தட்டைச் சுற்றுகிறது. தண்டைக் கொஞ்சம் பருமனாக்கினால் தட்டு வேகமாகச் சுற்றும். அளவாக ஒரு பித்தளை புஷ், அதாவது உறைபோல ஒரு சின்ன வளையம், கடைந்து தண்டில் செருகினால் போதும்.

இதை அவர் மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை காபியோடு வந்தாள். அதற்கு முன்னாலும் ஒரு தடவை காபி கொண்டுவந்திருந்தாள்.

"எதுக்குடா தம்பி இவ்வளவு மெனக்கெடுற? ரேடியோ பாடுது, கேசட் பாடுது. அது போதும்."

"நீ சும்மா இரு" என்றார் மாமா. "உன் பாட்டுக்காகத்தான் புள்ள கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தான்."

"ஓடுறதுன்னா சரியா ஓடணும்க்கா" என்றார் அப்பா. தண்டின் பருமனைக் கருவி வைத்து அளந்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அப்பா உற்சாகமாக இருந்தார். பணிமனையிலிருந்து ஒரு ஆணியைக்கூட வெளியே கொண்டுவராத மனிதர். அதனால் பொன்மலைப்பட்டியில் ஒரு நண்பரின் லேத் பட்டறைக்குப் போய், வேலை முடிந்த மாலைகளில் புஷ்ஷைக் கடைந்தார். முதலில் செய்தது பிடிக்கவில்லை. இரண்டாவதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பட்டாணியைவிடச் சிறியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, மூக்குத்திக்கு ஆகுமா என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மாமா தயாராக இருந்தார். எதிர்வீட்டு மாமியையும், மண்டிக்காரர்கள் இரண்டு பேரையும் மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். வடைக்கு ஊறப்போடச் சொல்லிவிட்டு, மண்டிக்காரர்களை அழைத்துவர மதியமே கிளம்பிப் போனார். வீட்டில் அத்தை, அப்பா, நான்.

புஷ் தண்டில் ஒட்டிக்கொண்டதுபோல் உட்கார்ந்தது. நான் எண்ணினேன். நாற்பத்தைந்து. அப்பா என்னைத் திரும்ப எண்ணச் சொல்லவில்லை. தட்டில் ஊசியை வைத்தார்.

ஒரு பெண் பாடினாள். பதினாறு பதினேழு வயது இருக்கும். மேலே போக வேண்டிய இடங்களில் குரல் சிரமப்படாமல் போய், அங்கே நின்று, நிதானமாக இறங்கியது. வயலின் கிணற்றிலிருந்து வெளியே வந்திருந்தது. அவள் வரியை முடித்ததும் இன்னொரு பெண் அதைத் திருப்பிப் பாடினாள். அந்தக் குரல் கொஞ்சம் தடித்தது. மூக்கில் லேசாக மாட்டிக்கொண்டு, வரி முடிவதற்குள் மூச்சு முடிந்து, கடைசி எழுத்தைக் கீழே போட்டுவிட்டது. மாடிப்படியின் மேலிருந்து என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போது அத்தை 'வா' என்கிற எழுத்தைப் போடுவது அப்படித்தான்.

"அத்தை! ரெண்டாவதா பாடுறது நீங்கதானே!" என்றேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அத்தை சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் உளுந்து மாவு. அப்பா பெட்டியைப் பார்த்தபடியே இருந்தார். முதல் குரல் மறுபடி தொடங்கியது. இரண்டாவது குரல் மறுபடி பின்னால் வந்தது. பாட்டு முழுக்க அப்படியேதான். அந்தக் குரல் ஒரு இடத்திலும் முன்னால் போகவில்லை.

அப்பா ஊசியைத் தூக்கினார்.

"முதல்ல பாடுறது யாருக்கா?"

"போஸ்ட்மாஸ்டர் பொண்ணு. உனக்கு ஞாபகம் இருக்காது. நீ சின்னப் பையன்."

"நீதான் பாடினேன்னு..."

"பாடத்தானே செஞ்சேன்? என் குரலும்தான் அதுல இருக்கு. நான் எதுவும் சொல்லலடா. அப்பாதான் தட்டைத் தூக்கிட்டு வந்து அவங்க மடியில வெச்சாரு. நான் காபித் தட்டோட நின்னுட்டிருந்தேன். அந்த நேரத்துல என்னன்னு சொல்றது?"

"மச்சானுக்கு..."

"முப்பது வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டு வராரு, தம்பி. இப்ப வீட்டுல நாலு பேரை வெச்சுக்கிட்டுக் கேக்கப்போறாரு. அந்த மாமிக்குக் காது கத்தி மாதிரி." அத்தை குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. கையிலிருந்த மாவு காய ஆரம்பித்திருந்தது. "நீ போட்டதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்? சரியாத்தான் போட்டிருக்கே."

அவள் உள்ளே போய்விட்டாள். எண்ணெய்ச் சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. அப்பா வாசலில் யாராவது ஐஸ்காரர் போகிறாரா பார் என்று என்னை அனுப்பினார். ஐப்பசி மழைக்காலம், தெருவில் யாரும் இல்லை. நான் திரும்பி வந்தபோது அவர் பெட்டிக்கு முன்னால் அதே இடத்தில் இருந்தார்.

ஆறு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். மாமா தானே தட்டை எடுத்துப் போட்டார். ஊசி இறங்கியது. அரைத் தூக்கத்து ஆண் பாடினார்.

மாமா அப்பாவைப் பார்த்தார்.

"மோட்டார் சூடாகுது மச்சான்" என்றார் அப்பா. "புஷ் போட்டா மூணு நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் கொதிக்குது. அப்படியே விட்டா கருகிடும். எடுத்துட்டேன். இனிமே இது இப்படித்தான் ஓடும்."

"என்ன மாப்ள, ஒரு வாரமா அளந்தீங்க?"

"அளவு சரிதான். மோட்டார் தாங்கல."

"பொன்மலையில ரயிலையே ஓட வெக்கறேள்" என்றார் எதிர்வீட்டு மாமி. "தோசைக்கல்லு அளவுக்கு ஒரு தட்டு. அது சுத்த மாட்டேங்கறதா?"

மண்டிக்காரர்களில் ஒருவர், நாளைக்குத் தான் ரயிலில் போக வேண்டியிருக்கிறது, பஸ்ஸிலேயே போய்விடட்டுமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவரை யாராவது வேலையைச் சொல்லிக் கேலி செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நிறையப் பார்த்தேன். அந்த வீட்டில் மிக்ஸி நின்றாலும், குழாய் ஒழுகினாலும், "மாப்ளையக் கூப்பிடாதீங்கப்பா, இருக்கிறதும் போயிடும்" என்று மாமா சொல்வது வழக்கமாகிவிட்டது.

"அந்த மூணு நிமிஷம் எப்படி இருந்துச்சு?" என்று மாமா கேட்டார்.

"நல்லா இருந்துச்சு. அக்கா குரல்தான்."

மாமாவுக்கு அது போதவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ கேட்டியா பாப்பா? உங்க அத்தை எப்படிப் பாடுனா?"

வடைத் தட்டோடு வந்த அத்தை நின்றுவிட்டாள்.

"அத்தை குரல் அப்படியே இருந்துச்சு மாமா" என்றேன். "என்னைச் சாப்பிடக் கூப்பிடுற மாதிரியே."

"பாத்தீங்களா!" என்றார் மாமா, மண்டிக்காரர்களிடம். "சின்னக் குழந்தை சொல்லுது."

"நீங்க நேர்ல கேட்டிருக்கேளோ?" என்றார் மாமி.

"நல்லாக் கேட்டீங்க. ரெக்கார்டு குடுத்தவளை வீட்டுல உக்காத்தி வெச்சுப் பாடுன்னா சொல்றது?"

அத்தை எல்லாருக்கும் இரண்டு வடை வைத்தாள். அப்பாவின் தட்டில் நான்கு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். மாமா பெண் பார்க்க வந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

கிளம்புகிற நேரத்தில் அப்பா கை கழுவப் பின்பக்கம் போனார். பெட்டி அணைத்துக் கிடந்தது. பின்பலகை இன்னும் மாட்டவில்லை. கொதிக்கிற மோட்டார் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. குனிந்து ஒரு விரலால் தொட்டேன். பிறகு உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்புகூட இல்லை.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தது. அப்பா ஒரு வேலையில் தப்புச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சூடாகாத மோட்டாரைச் சூடு என்று நினைத்து, நன்றாக ஓடிய மிஷினைக் கெடுத்துவிட்டார். இது வெளியே தெரிந்தால் அவருக்கு எவ்வளவு அவமானம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். மோட்டார் ரொம்பச் சூடு, நானே தொட்டுப் பார்த்தேன் என்றேன்.